கருப்பை நீக்கிய பின் இல்லத்தில் ஆறு வாரம்

கருப்பையை அகற்றும் அறுவைச் சிகிச்சை பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. நோயாளி சில நாட்களில் வீடு திரும்புகிறாள். ஆயினும் அவ்வறுவையிலிருந்து உடல் மீள்வதற்கு ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். ஆகவே குணமடைதலின் பெரும் பகுதி ஆஸ்பத்திரியில் நிகழ்வதன்று, இல்லத்தில் நிகழ்வது. அங்கே டாக்டரும் இல்லை, தாதியும் இல்லை. தண்ணீர்க் குடமும் அடுப்பும், தூக்கிக்கொள்ளச் சொல்லி அழும் குழந்தையுமே உள்ளன. துணைக்கு ஆள் குறைந்த வீட்டில் இளம் குழந்தைகளின் தாய் இந்த வாரங்களை எவ்வாறு கழிப்பது என்பதை உடலியல் அடிப்படையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மைசூருக்கு வடக்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மேல்கோட்டையை உதாரணமாகக் கொள்வோம். 1939-ம் ஆண்டு மைசூர் ஜில்லாவிலிருந்து பிரிந்த மண்டியா ஜில்லாவைச் சேர்ந்தது இவ்வூர். பாறைக் குன்றின்மேல் அமைந்தது. கல்யாணிக் குளத்திற்கு இறங்கவும் படிகள், யோக நரசிம்மர் சந்நிதிக்கு ஏறவும் நூற்றுக்கணக்கான படிகள். தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசும் குடும்பங்களும் இங்கே வாழ்கின்றன. மேடும் படியும் நிறைந்த இத்தகைய ஊரில், உடல் நலம் தேறுவோர் எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்ற கேள்வி மிகத் தெளிவாக எழுகிறது.

எத்தனை பெண்கள்?

2015–16-ம் ஆண்டின் தேசியக் குடும்ப நல ஆய்வு, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 3.2 சதவீதத்தினர் கருப்பையை இழந்தவர்கள் என்று கண்டது. 2019–21-ம் ஆண்டின் ஆய்வில் இது 3.3 சதவீதம். ஆந்திரப் பிரதேசத்திலும் தெலங்கானாவிலும் இவ்விகிதம் தேசிய சராசரியைப்போல் இரு மடங்குக்கும் மேல். முதல் ஆய்வில் பாதிக்கு மேற்பட்டோர் கூறிய காரணம் மிகுதியான உதிரப்போக்கு அல்லது வலி. ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு அறுவைகள் தனியார் ஆஸ்பத்திரிகளில் நடந்தவை.

இளம் வயதில், கைக்குழந்தை இருக்கும்போதே இவ்வறுவை நடப்பது நம் நாட்டில் அரிதன்று. ஆகையால் முதல் கேள்வி, அறுவை அவசியமா என்பதே. மிகுதியான உதிரப்போக்குக்கு மாத்திரைகளும், கருப்பையினுள் பொருத்தும் ஹார்மோன் சாதனமும், வேறு சிறு சிகிச்சைகளும் உள்ளன. தேவையற்ற கருப்பை நீக்கத்தைத் தடுப்பதற்கான வழிகாட்டு நெறிகளை மத்திய சுகாதார அமைச்சகம் 2022-ல் வெளியிட்டது. அவற்றை மூன்று மாதங்களுக்குள் எல்லா ராஜ்யங்களும் ஏற்க வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் கட்டளையிட்டது. புற்றுநோய், கட்டுக்கடங்காத உதிரப்போக்கு போன்ற அவசர நிலை இல்லையெனில், இரண்டாவது டாக்டரின் கருத்தைக் கேட்டறிவது நோயாளியின் உரிமை.

அவசரமற்ற அறுவைக்கு நாளைக் குறிக்கும் வசதியும் உண்டு. மேல்கோட்டையில் பங்குனியை ஒட்டி வைரமுடி உற்சவம் வருகிறது. வீடுகளில் விருந்தினர் நிறைகின்றனர். அதற்கு முன் ஆறு வாரத்திற்குள் அறுவை செய்துகொள்வது, வேலை உச்சத்திலிருக்கும் காலத்தில் ஓய்வைத் தேடுவது போலாகும். தாயோ, தமக்கையோ, நாத்தனாரோ சில வாரம் வந்து தங்கக்கூடிய காலமே தக்க காலம்.

தோல் ஆறுவதும் உள்ளே ஆறுவதும்

வயிற்றைத் திறந்து செய்யும் அறுவையில் தோல், கொழுப்பு, தசையைப் போர்த்திய உறுதியான வெண்படலம், வயிற்றின் உட்சவ்வு ஆகியவை வெட்டப்படுகின்றன. கருப்பையை எடுத்த பின் யோனியின் மேல்முனை தைத்து மூடப்படுகிறது. துளை வழியாகக் கருவி செலுத்திச் செய்யும் அறுவையில் வெளிக் காயம் சிறிது. யோனி வழியே செய்யும் அறுவையில் வயிற்றில் காயமே இல்லை. ஆனால் முழுக் கருப்பையையும் கழுத்துடன் அகற்றினால், எம்முறையாயினும், யோனி முனையின் தையல் ஒன்றே. வெளியில் தழும்பு சிறிதாயிருப்பதால் உள்ளே காயமும் சிறிதென எண்ணுவது தவறு.

காயம் ஆறும் விதம் யாது? முதல் சில நாட்கள் உறைந்த உதிரமும் வெள்ளணுக்களும் காயத்தைத் துப்புரவு செய்கின்றன. நாலைந்து நாட்களுக்குப் பின் நாரணுக்கள் கொலாஜன் என்னும் புரத இழைகளை நெய்யத் தொடங்குகின்றன. முதலில் நெய்யப்படுவது மெல்லிய, ஒழுங்கற்ற இழை. அது கரைந்து, உறுதியான இழை அதனிடத்தில் அமைய மாதங்கள் செல்லும். தோலின் மேற்பரப்பு பத்து நாட்களில் மூடிவிட்டாலும், மூன்றாம் வார முடிவில் காயம் பெற்றுள்ள வலிமை இயல்பான வலிமையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே. ஆறாம் வாரத்தில் ஏறக்குறைய பாதி. மூன்று மாதத்தில் 80 சதவீதம். முழு வலிமை மீண்டும் வருவதேயில்லை.

அதுவரை காயத்தைப் பிடித்து நிற்பது தையல் நூல். யோனி முனையைத் தைக்கப் பெரிதும் பயன்படும் பாலிகிளாக்டின் போன்ற நூல்கள் உடலில் தாமே கரைபவை. இத்தகைய நூல் மூன்று வாரத்தில் தன் வலிமையில் பாதியை இழக்கிறது. நான்காம் வாரத்தில் கால் பங்கே எஞ்சுகிறது. அதாவது, நூல் தளர்ந்துகொண்டும் திசு இன்னும் உறுதிப்படாமலும் இருக்கும் காலம் மூன்றாம், நான்காம் வாரங்கள். வலி குறைந்து, பசி திரும்பி, "எனக்கு இனி ஒன்றுமில்லை" என்று தாய்க்குத் தோன்றுவதும் அதே வாரங்களில்தான். உதவிக்கு வந்த உறவினர் ஊருக்குப் புறப்படுவதும் அப்போதே. இல்லத்தில் நேரும் தவறுகள் பலவற்றின் மூலம் இதுவே. உடலின் உணர்வைக் கொண்டு வேலையை அளக்கலாகாது. காலத்தையும் எடையையும் கொண்டே அளத்தல் வேண்டும்.

படுக்கையா, நடையா?

அவ்வாறாயின் ஆறு வாரமும் படுத்தே கிடப்பதா? அன்று. 1843-ல் மான்செஸ்டரில் சார்லஸ் கிளே வயிற்றின் வழியே கருப்பையை அகற்றியபோது நோயாளி பிழைக்கவில்லை. 1853-ல் அமெரிக்காவின் லோவெல் நகரில் பர்னம் செய்த அறுவையிலேயே முதன்முதலாக நோயாளி உயிர் தப்பினாள். அக்காலத்தில் அறுவைக்குப் பின் வாரக்கணக்கில் படுக்க வைப்பதே வழக்கம். 1899-ல் சிகாகோவின் எமில் ரீஸ் தம் நோயாளிகளை ஓரிரு நாளில் எழுப்பி நடக்கச் செய்து நல்ல பயன் கண்டார்; ஆனால் நெடுங்காலம் எவரும் அதைப் பின்பற்றவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே இம்முறை பரவிற்று.

நடையின் பயன் தெளிவானது. அசைவற்றுக் கிடக்கும் காலின் சிரைகளில் உதிரம் தேங்கி உறையக்கூடும். உறைகட்டி நுரையீரலை அடைந்தால் உயிருக்கே ஆபத்து. நடக்கும்போது கெண்டைத் தசை சுருங்கி உதிரத்தை மேலே தள்ளுகிறது. நடை குடலையும் இயக்கி வாயுவையும் மலச்சிக்கலையும் குறைக்கிறது. ஆகவே முதல் வாரத்தில் வீட்டினுள்ளே ஒரு நாளைக்குப் பல முறை ஐந்து நிமிட நடை. பின்னர் சமதரையான வீதியில் சிறிது சிறிதாகக் கூட்டுதல். வீட்டுப் படிகளை மெதுவாக, கையைப் பற்றிக்கொண்டு ஏறலாம். குளப்படியும் மலைப்படியும் ஆறு வாரம் பொறுத்திருக்கட்டும்.

சுருக்கமாகச் சொன்னால், நடை மருந்து, சுமை நஞ்சு.

எடைக் கணக்கு

சுமையைத் தூக்கும்போது வயிற்றுத் தசைகள் இறுகி, வயிற்றினுள் அழுத்தம் உயர்கிறது. அவ்வழுத்தம் தையலையும் இடுப்புத் தளத்தையும் கீழ்நோக்கித் தள்ளுகிறது. மூச்சை அடக்கித் தூக்கினால் அழுத்தம் மேலும் ஏறும். கடும் இருமலும், மலங்கழிக்க முக்குதலும் இவ்வாறே செய்யும். ஆதலால் இருமும்போது ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்வதும், மலச்சிக்கலைத் தவிர்ப்பதும் சிகிச்சையின் பகுதிகள்.

முதல் ஆறு வாரம் 4 அல்லது 5 கிலோகிராமுக்கு மேல் தூக்கலாகாது என்பது டாக்டர்கள் பொதுவாக விதிக்கும் வரம்பு. இது துல்லியமான எல்லையன்று, எச்சரிக்கையான எல்லை. இல்லத்துப் பொருள்களை இதனோடு ஒப்பிடுவோம். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோகிராம். 12 லிட்டர் கொள்ளும் குடம், குடத்தின் எடையையும் சேர்த்தால், வரம்பைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல். சமையல் எரிவாயு உருளையில் வாயு மட்டும் 14.2 கிலோகிராம், உருளையுடன் ஏறத்தாழ 30. பிழியாத ஈரத்துணி, உலர்ந்த துணியைவிட மிகவும் கனக்கும். குழந்தையோ ஒரு வயதில் சுமார் 9, இரண்டு வயதில் 12, மூன்று வயதில் 14 கிலோகிராம். ஆகவே ஒரு வயதுக் குழந்தையே வரம்பைப்போல் இரு மடங்கு.

இக்கணக்கு அச்சமூட்டுவதற்கன்று. எடையைப் பிரிக்கலாம் என்பதைக் காட்டுவதற்கே. குடத்துத் தண்ணீரை இரண்டு லிட்டர்ச் செம்பில் பல நடையாக எடுத்தால், தூக்கலாகாத சுமை நல்ல நடையாக மாறுகிறது. மாவை அரவை இயந்திரத்திலிருந்து சிறு கிண்ணத்தால் அள்ளி எடுக்கலாம். சோறு வடிக்கும் பெரிய பானைக்குப் பதில் கஞ்சி வடிக்க வேண்டாதவாறு சிறு பாத்திரத்தில் இரு முறை சமைக்கலாம். குனிந்து பெருக்கும் துடைப்பத்தை விடுத்து நீண்ட காம்புள்ளதைக் கொள்ளலாம். ஆனால் குழந்தையைப் பிரிக்க இயலாது.

குழந்தையை எவ்வாறு அணைப்பது?

தாய் குழந்தையிடம் போகாமல், குழந்தை தாயிடம் ஏறி வருதலே வழி. நாற்காலியிலோ கட்டிலிலோ தாய் அமர்ந்திருக்க, அருகே உறுதியான சிறு பலகையோ முக்காலியோ இருப்பின், ஒன்றரை வயதுக்கு மேற்பட்ட குழந்தை பெரும்பாலும் தானே ஏறிவிடும். வயிற்றின்மேல் தலையணை வைத்துக்கொண்டால் சிறுகால்களின் உதை தாங்கும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தையை மற்றொருவர் எடுத்துக் கொடுக்க, தாய் ஒருக்களித்துப் படுத்துப் பாலூட்டலாம். வலி நீக்கும் மருந்து எழுதும்போதே, பாலூட்டும் செய்தியை டாக்டரிடம் கூறிவிட வேண்டும்.

தரையில் பாய் விரித்துப் படுப்பதைவிட இவ்வாரங்களில் கட்டில் நன்று. எழும்போது நேராக நிமிரலாகாது. பக்கவாட்டில் புரண்டு, கால்களைக் கீழே தொங்கவிட்டு, முழங்கையால் ஊன்றி எழ வேண்டும். குழந்தையின் உடுப்பு, துணி, தண்ணீர், தின்பண்டம் ஆகியவற்றை இடுப்பு உயரத்தில் ஓரிடத்தில் சேர்த்து வைத்தல் நாளொன்றுக்குப் பல முறை குனிவதைத் தவிர்க்கும்.

நான்கு, ஐந்து வயதுக் குழந்தைக்கு, "அம்மாவின் வயிற்றில் உள்ளே காயம் இருக்கிறது, வெளியே தெரியாது, மழைக்கால விடுமுறை போல சில வாரம் தூக்க முடியாது" என்று எளிய சொற்களில் முன்னரே கூறலாம். தூக்காததை அன்பின்மை என்று குழந்தை எண்ணிவிடலாகாது. தம்ளரை எடுத்து வருதல், தங்கையின் துணியை நீட்டுதல் போன்ற சிறு பணி ஒன்றை அதற்கென ஒதுக்கினால் அது பெருமையோடு செய்யும்.

கிடைக்கும் உதவியை எதற்குச் செலவிடுவது?

உதவி குறைவாயிருக்கும் வீட்டில் அதை எங்கே பயன்படுத்துவது என்பதே முக்கியம். நாளொன்றுக்கு ஒரு மணி நேரமே ஒருவர் வரக்கூடுமானால், காய் நறுக்கவோ அரிசி பொறுக்கவோ அந்நேரத்தைச் செலவிடுதல் வீண். அவற்றை உட்கார்ந்தவாறே தாய் செய்துகொள்வாள். தண்ணீர் நிரப்புதல், ஈரத்துணியைப் பிழிந்து உலர்த்துதல், குழந்தைகளைக் குளிப்பாட்டுதல், கனமான பாத்திரத்தை இறக்குதல், கடைக்குச் சென்று வருதல் ஆகியவையே அந்த ஒரு மணிக்குரியவை. கணவன் வேலைக்குப் புறப்படுமுன் அரை மணியும், திரும்பியபின் அரை மணியும் இப்பணிகளுக்கு ஒதுக்கினால் தூக்கும் வேலையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளை அங்கன்வாடிக்கு அனுப்பலாம். 1975-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின்கீழ் அங்கே விளையாட்டுக் கல்வியும் உணவும் கிடைக்கின்றன. அச்சில மணி நேரமே தாய் உறங்கும் நேரம். கிராமத்து ஆஷா பணியாளரிடம் அறுவை நடந்த செய்தியைத் தெரிவித்து வைப்பதும் நன்று. அண்டை வீட்டாரிடம் "உதவி வேண்டும்" என்று பொதுவாகக் கேட்பதைவிட, "நாள்தோறும் காலையில் இரண்டு குடம் தண்ணீர்" என்று குறிப்பாகக் கேட்டால் உதவி எளிதில் கிடைக்கும்.

உணவு

அறுவைக்குப் பின் பத்தியம் என்ற பெயரால் பருப்பையும் முட்டையையும் காய்கறியையும் விலக்கும் வழக்கம் பல இல்லங்களில் உண்டு. உடலியல் இதற்கு நேர் எதிரானதைக் கூறுகிறது. கொலாஜன் ஒரு புரதம். அதை நெய்யப் புரதமும், இழைகளை முறுக்கேற்ற வைட்டமின் சி சத்தும் இன்றியமையாதவை. 50 கிலோகிராம் எடையுள்ள பெண்ணுக்கு இக்காலத்தில் நாளொன்றுக்கு 60 கிராம் வரை புரதம் நன்று. 100 கிராம் பருப்பில் ஏறத்தாழ 22 கிராமும், அரை லிட்டர் பாலில் 16 கிராமும், ஒரு முட்டையில் 6 கிராமும் உள்ளன. மேல்கோட்டைப் புளியோதரை புகழ் பெற்றதே. ஆயினும் அதனுடன் சுண்டலோ தயிரோ சேர்ந்தால்தான் அது காயமாற்றும் உணவாகும். நெல்லிக்காயும் கொய்யாவும் வைட்டமின் சி நிறைந்தவை. கேழ்வரகு சுண்ணாம்புச் சத்தையும் நாரையும் அளிக்கும்.

2019–21-ம் ஆண்டின் ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதத்தினர் இரத்தசோகை உள்ளவர்கள். உதிரப்போக்கிற்காக அறுவை செய்துகொண்டவருக்கு இது இன்னும் மிகுதியாயிருக்கும். டாக்டர் அளித்த இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீர், காப்பியுடன் உட்கொள்ளலாகாது. எலுமிச்சைச் சாற்றுடன் உட்கொள்ளலாம். அம்மாத்திரை மலச்சிக்கலைத் தரக்கூடுமாதலால் கீரை, பழம், போதிய தண்ணீர் வேண்டும்.

சில தவறான எண்ணங்கள்

கருப்பை போனால் பெண்மை போய்விடும், உடனே முதுமை வந்துவிடும் என்பர். பெண்மைக்குரிய ஹார்மோன்களைச் சுரப்பது கருப்பையன்று, சினைப்பை. அது எஞ்சியிருந்தால் மாதவிலக்கு நிற்குமேயன்றி ஹார்மோன் உடனே நிற்பதில்லை. இளம் வயதில் இரு சினைப்பைகளும் அகற்றப்பட்டிருந்தால் திடீர் வெப்பம், வியர்வை, உறக்கமின்மை தோன்றலாம். பின்னாளில் எலும்பு மெலியலாம். இதற்குச் சிகிச்சை உண்டு. ஆகவே சினைப்பை எடுக்கப்பட்டதா இல்லையா என்பதை விடைபெறும் சீட்டிலிருந்து கேட்டறிந்து, அச்சீட்டைப் பத்திரப்படுத்தல் வேண்டும். காரணமின்றி அழுகை வருவதும் மனச்சோர்வும் இக்காலத்தில் நேர்வதுண்டு. அவை நீடித்தால் டாக்டரிடம் கூறத் தயங்கலாகாது. தாம்பத்திய உறவை, யோனி முனை ஆறியதை டாக்டர் பார்த்துச் சொல்லும் வரை, குறைந்தது ஆறு வாரமேனும் தவிர்க்க வேண்டும்.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

முதல் சில வாரங்களில் சிறிதளவு பழுப்பு நிறக் கசிவு இயல்பு. கீழ்க்கண்டவை இயல்பல்ல:

1. 38 டிகிரி செல்ஷியஸ் அல்லது அதற்கு மேற்பட்ட காய்ச்சல். காயத்தில் சீழ், சிவப்பு, துர்நாற்றம்.
2. ஒரு மணி நேரத்தில் ஒரு துணி முழுதும் நனையும் உதிரப்போக்கு. திடீரென நீர் பெருகுதல், அல்லது யோனியில் ஏதோ பிதுங்குதல்.
3. ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும். மூச்சுத் திணறல், மார்பு வலி.
4. சிறுநீர் பிரியாமை, அல்லது இடைவிடாது ஒழுகுதல்.
5. வயிறு உப்பி ஓயாத வாந்தி.

இவற்றில் ஒன்று தோன்றினும் விடியட்டும் என்று காத்திருக்கலாகாது. குன்றின்மேலுள்ள ஊரிலிருந்து மண்டியாவுக்கோ மைசூருக்கோ செல்லும் நேரத்தையும் கணக்கிட்டு, 108 எண்ணை உடனே அழைத்தல் வேண்டும். அப்போது குழந்தைகளை யாரிடம் விடுவது என்பதையும் அறுவைக்கு முன்னரே தீர்மானித்து வைத்தல் நன்று.

வார அட்டவணை

முதல் இரண்டு வாரம்: உறக்கம், உள்ளே நடை, உட்கார்ந்து செய்யும் சிறு வேலை. மூன்றாம், நான்காம் வாரம்: சமதரையில் 15 முதல் 30 நிமிட நடை, எளிய சமையல், சுமை அறவே இல்லை. ஐந்தாம், ஆறாம் வாரம்: வீட்டு வேலைகளில் பெரும்பகுதி, குடமும் குழந்தையும் இன்னும் இல்லை. ஆறாம் வார முடிவில் டாக்டரின் பரிசோதனை. அதன்பின், மூச்சை வெளியே விட்டவாறு, முழங்காலை மடித்து, சிறு சுமையிலிருந்து தொடங்கலாம். இடுப்புத் தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை 1948-ல் அமெரிக்க டாக்டர் ஆர்னால்டு கெகல் விளக்கினார். சிறுநீர்க் குழாய் எடுத்தபின் டாக்டரின் அனுமதியுடன் அதைப் படுத்தவாறே செய்யலாம்.

இவ்வட்டவணையைத் தாய் மட்டுமன்றி வீட்டிலுள்ள அனைவரும் அறிதல் வேண்டும். நான்காம் வாரத்தில் அவள் எழுந்து நடமாடுவதைக் கண்டு, குணமாகிவிட்டதென்று குடத்தை அவள் கையில் கொடுப்பவர் வீட்டாரே. அந்த இரண்டு வாரத்திற்கு யார் தண்ணீர் எடுப்பது, யார் குழந்தையைத் தூக்குவது என்பதை ஆஸ்பத்திரிக்குப் புறப்படும் முன்பே பெயர் குறித்து எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டிவிடுக.